கொழுப்பு சுரக்கும் ஹார்மோன் இதயத்தைக் காக்கிறதா?

அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது நம் உடலின் கொழுப்புத் திசு. அப்படியென்றால் கொழுப்பு கூடக் கூட ரத்தத்தில் அதன் அளவும் கூட வேண்டும், நடப்பதோ நேர்மாறு. தொப்பை பெருத்தவரின் ரத்தத்தில் அது குறைந்தும், ஒல்லியானவரின் ரத்தத்தில் மிகுந்தும் காணப்படுகிறது. இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் அணுவளவே இருக்க, இது மட்டும் ஒரு மில்லிலிட்டருக்கு 5 முதல் 30 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. பிளாஸ்மாவில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 0.01 சதவீதம். கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும் ஒரு ஹார்மோனுக்கு இது மிகத் தாராளமான அளவு. பருமனானவருக்கு இந்த ஹார்மோன் குறைகிறது, பருமனானவருக்கே மாரடைப்பும் அதிகம் வருகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஓர் எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை: இதயத்துக்குக் காவல் இதுதானோ, இது குறைவதால்தான் ரத்தக்குழாய் அடைபடுகிறதோ? கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்துள்ள சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏன் கைவிட வேண்டும் என்பதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோயோடு சேர்ந்து காணப்படும் ஒன்றை நோய்க்குக் காரணமாக எடுத்துக்கொள்ளும் தவறு மருத்துவத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது; அதற்குப் பணமும் சில சமயம் உயிரும் விலையாகின்றன.

முதலில், அந்த எண்ணம் எவ்வளவு வலுவான அடித்தளத்தில் எழுந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுக்கூடம் லெப்டினைக் கண்டுபிடித்தபோதுதான், கொழுப்புத் திசு மூளைக்கே சேதி அனுப்பும் ஒரு சுரப்பி என்பது உலகுக்குத் தெளிவானது. அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸில் ஃபிலிப் ஷெரரும் ஹார்வி லோடிஷும் கொழுப்புச் செல்கள் மட்டுமே உருவாக்கும் ஒரு புரதத்தை விவரித்தார்கள். 1996-இல் ஜப்பானின் ஒசாகா குழு மனிதக் கொழுப்புத் திசுவில் அதே புரதத்தைக் கண்டது. அதுதான் அடிப்போனெக்டின். பருமனில் அது குறைகிறது என்பதையும், இதய ரத்தக்குழாய் நோயாளிகளிடம் குறைவாக இருக்கிறது என்பதையும் 1999-இல் சொன்னவர்கள் ஒசாகாக்காரர்களே. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த ரத்தக்குழாய்ச் செல்கள் மீது அதைச் செலுத்தினால் வீக்கத்துக்கான அறிகுறிகள் தணிந்தன. கொழுப்பை விழுங்கிப் படிவமாக மாறும் வெள்ளணுக்கள் அந்த வேலையைக் குறைத்துக்கொண்டன. 2002-இல் அடிப்போனெக்டின் மரபணு நீக்கப்பட்ட எலிகளின் ரத்தக்குழாயைக் காயப்படுத்தியபோது அதன் உட்சுவர் வழக்கத்தைவிடத் தடித்தது. ரத்தக்குழாயில் கொழுப்பு படியும் வகை எலிகளுக்கு இந்த ஹார்மோனைக் கூட்டியபோது படிவம் குறைந்தது. இவற்றைப் படிக்கும் எவரும் இது காவல் ஹார்மோன் என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

மனிதர்களிடம் கிடைத்த பெரிய சான்று 2004-இல் வந்தது. அமெரிக்காவில் பல் மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் என 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களை 1986 முதல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களில் 18,225 பேர் 1993-க்கும் 1995-க்கும் இடையில் ரத்தம் கொடுத்திருந்தார்கள். அவரவர் ஊரிலேயே எடுக்கப்பட்ட ரத்தம் பனிக்கட்டிப் பொதியோடு கூரியரில் மறுநாளே பாஸ்டன் போய்ச் சேர்ந்தது; அங்கே அதைப் பிரித்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்தார்கள். அடுத்த ஆறு ஆண்டுகளில் அவர்களில் 266 பேருக்கு மாரடைப்பு வந்தது அல்லது இதய நோயால் மரணம் நேர்ந்தது. அவர்களது பழைய ரத்தக் குப்பியை வெளியே எடுத்து, அதே வயதும் அதே புகைப் பழக்கமும் உள்ள, நோய் வராதவர்களின் குப்பிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அடிப்போனெக்டின் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட ஆபத்து பாதிக்கும் கீழே இருந்தது. நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த ரத்தம் என்பதால், நோய்தான் ஹார்மோனைக் குறைத்தது என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை. ஆனால் அந்த ஆய்விலேயே ஒரு குறிப்பு இருந்தது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்., கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவுகளையும் கணக்கில் சேர்த்தபோது இந்தத் தொடர்பு ஓரளவு மங்கியது. அந்தக் குறிப்பு போதிய கவனம் பெறவில்லை.

இரண்டே ஆண்டுகளில் மறுபக்கம் தெரிந்தது. பிரிட்டனின் 24 நகரங்களைச் சேர்ந்த நடுத்தர வயது ஆண்களை 1970களின் கடைசியிலிருந்து கவனித்துவரும் ஆய்வில், நோய் வந்த 589 பேரையும் வராத 1,231 பேரையும் ஒப்பிட்டு 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். அடிப்போனெக்டின் அதிகமாக இருந்த மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவாக இருந்த மூன்றில் ஒரு பங்கினருக்கும் ஆபத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. அதுவரை வந்த ஏழு நீண்டகால ஆய்வுகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோதும் தொடர்பு மிக மெலிதாக, தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய அளவில்தான் மிஞ்சியது. அடிப்போனெக்டின் குறைந்தவர் யார் என்று யோசித்தால் இதன் காரணம் புரியும். அவருக்கு இடுப்பளவு அதிகம், ட்ரைகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். குறைவு, கல்லீரலில் கொழுப்பு, இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாத நிலை. இவை எல்லாம் கூட்டாகவே வருபவை. மாரடைப்புக்கான பழியை இந்தக் கூட்டத்தில் யார்மீது போடுவது என்பதை ரத்தப் பரிசோதனை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு தீர்க்க முடியாது. எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கலும் எழுந்தது. 2005-இல் டென்மார்க்கில் இதயச் செயலிழப்பு நோயாளிகளைக் கவனித்த மருத்துவர்கள், அடிப்போனெக்டின் அதிகமாக இருந்தவர்களே அதிகம் இறந்ததைக் கண்டார்கள். முதியவர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் இதே கதைதான்: அளவு கூடியவர்களுக்கு மரண ஆபத்தும் கூடுகிறது. காவல் ஹார்மோன் என்றால் இது எப்படி? இதற்கு ஒரு நல்ல விளக்கம் கிடைத்திருக்கிறது. திணறும் இதயம் தன் சுமையைக் குறைக்க நாட்ரியூரெடிக் பெப்டைடு என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கொழுப்புச் செல்லைத் தூண்டி அடிப்போனெக்டினைக் கூட்டுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். போதாததற்கு, நாள்பட்ட நோயில் உடல் மெலிவதாலும் அளவு ஏறும். அதாவது இங்கே இதயத்தின் நிலை ஹார்மோனின் அளவைத் தீர்மானிக்கிறது. இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, நோயுற்றவரிடம்தான் காரணகாரியத்தின் அம்பு திரும்பியிருக்கிறது, நலமாக உள்ளவரிடம் அடிப்போனெக்டின் காவல்தான் என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதம் நியாயமானது. ஆனால் ஓரிடத்தில் அம்பு திரும்பியிருப்பதை ஒப்புக்கொண்ட பிறகு, மற்ற இடத்திலும் திரும்பியிருக்குமோ என்று சோதிக்கும் கடமை வந்துவிடுகிறது.

சோதிக்கும் வழியை மரபணு ஆராய்ச்சி தந்தது. மூன்றாவது குரோமோசோமில் உள்ள அடிப்போனெக்டின் மரபணுவில் சிலருக்குச் சிறு எழுத்து மாற்றங்கள் உண்டு. அவற்றால் சிலருக்குப் பிறப்பிலிருந்தே இந்த ஹார்மோன் சற்று அதிகம், சிலருக்குச் சற்றுக் குறைவு. பெற்றோரிடமிருந்து யாருக்கு எந்த எழுத்து வரும் என்பது குலுக்கல் போன்றது. அவர் பின்னாளில் புகைப்பாரா, உடற்பயிற்சி செய்வாரா, தொப்பை போடுவாரா என்பதற்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமில்லை. நோய் வந்து அந்த எழுத்தை மாற்றவும் முடியாது. ஆகவே, அடிப்போனெக்டின் உண்மையிலேயே இதயத்தைக் காக்கிறது என்றால், அதை அதிகம் சுரக்கும் எழுத்தோடு பிறந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தாக வேண்டும். எல்.டி.எல். விஷயத்தில் இப்படித்தான் நடந்தது: பிறவியிலேயே எல்.டி.எல். குறைவாக உள்ளவர்களுக்கு இதய நோய் மிகக் குறைவு. அதை மருந்தால் குறைத்தாலும் நோய் குறைகிறது. 2016-இல் அடிப்போனெக்டினை இந்தத் தராசில் நிறுத்தினார்கள். 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட இதய நோயாளிகளையும் அவர்களைப் போல் இருமடங்கு நோயற்றவர்களையும் கொண்ட பன்னாட்டு மரபணுத் தொகுப்பில் தேடியபோது, பிறவியில் அளவு கூடியவர்களுக்கு எந்தச் சலுகையும் தென்படவில்லை.

காரணகாரியம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதற்கு எனக்கு இன்னும் அழுத்தமாகப் படும் சான்று ஓர் அரிய நோயிலிருந்து வருகிறது. இன்சுலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியே பழுதாகச் சிலர் பிறக்கிறார்கள். அவர்களது ரத்தத்தில் இன்சுலின் வெள்ளமாக ஓடும்; செல்கள் அதைக் கண்டுகொள்ளாது. கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடிக்கும். இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாத நிலையின் உச்சம் இது. அடிப்போனெக்டின் குறைவதால்தான் உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போகிறது என்றால் இவர்களிடம் அது அடிமட்டத்தில் இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அளந்தபோது வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது! கொழுப்புச் செல்லுக்கு இன்சுலினின் குரல் கேட்காததால் அது அடிப்போனெக்டினைத் தடையின்றிச் சுரக்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். சாதாரணப் பருமனில் நடப்பது இதன் மறுபக்கம்: ரத்தத்தில் இன்சுலின் கூடிக்கொண்டே போக, அது கொழுப்புச் செல்லை அழுத்த, அடிப்போனெக்டின் இறங்குகிறது. 2013-இல் வெளியான மரபணு ஆய்வும் இதையே சொன்னது. ஆக, அடிப்போனெக்டின் குறைவு என்பது பெரும்பாலும் உடலின் வளர்சிதை மாற்றம் கெட்டுவிட்டதன் அறிக்கை. தெர்மாமீட்டரைப் பனிக்கட்டியில் வைத்துப் பாதரசத்தை இறக்கலாம், காய்ச்சல் இறங்காது.

இந்த முடிவை மறுப்பவர்கள் மூன்று வாதங்களை முன்வைக்கிறார்கள், மூன்றுமே கவனிக்கத் தக்கவை. ஒன்று, ரத்தத்தில் அடிப்போனெக்டின் பல உருவங்களில் இருக்கிறது. மூன்று மூலக்கூறு கோத்த சிறு கட்டுகளும் உண்டு, பன்னிரண்டுக்கும் மேல் கோத்த பெருங்கட்டுகளும் உண்டு. வேலை செய்பவை பெருங்கட்டுகளே, மொத்த அளவை வைத்து முடிவு செய்யலாகாது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மொத்த அளவும் பெருங்கட்டின் அளவும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. அதோடு, காவல் என்ற எண்ணமே மொத்த அளவை வைத்துத்தான் பிறந்தது. அது தோற்ற பிறகு அளவுகோலை மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. இரண்டு, மரபணு எழுத்துகள் உண்டாக்கும் மாற்றம் சிறியது. மருந்தால் இரண்டு மூன்று மடங்கு கூட்டினால் பலன் தெரியக்கூடும் என்பது. இதை மரபணு ஆய்வால் முழுமையாக மறுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறு பலன் ஒளிந்திருக்கலாம். ஆனால் 2004 ஆய்வு காட்டிய, ஆபத்தைப் பாதிக்கும் கீழே இறக்கும் பெரும்பலன் உண்மையாக இருந்தால் அதன் சாயலாவது இத்தனை பெரிய தொகுப்பில் தெரிந்திருக்கும். மூன்று, எலிகள். எலி ஆய்வுகளில் பலன் தெளிவாகத் தெரிந்ததே என்பார்கள். அதற்குப் பதில் சொன்னவர்களில் இந்த ஹார்மோனை முதலில் கண்ட ஷெரரின் ஆய்வுக்கூடமும் உண்டு. 2010-இல் அவர்கள் கூட்டாக வெளியிட்ட ஆய்வில், அடிப்போனெக்டினை அறவே நீக்கிய எலிகளிலும் பல மடங்கு கூட்டிய எலிகளிலும் ரத்தக்குழாய்ப் படிவத்தில் வேறுபாடு இல்லை. தாம் கண்ட ஹார்மோனின் புகழைக் குறைக்கும் முடிவை மறைக்காமல் அச்சேற்றியவர்களுக்கு விஞ்ஞானம் கடன்பட்டிருக்கிறது.

மருந்துகளின் கதை இதைவிடக் கறாரானது. சர்க்கரை நோய்க்கான கிளிட்டசோன் வகை மாத்திரைகள் அடிப்போனெக்டினை இரண்டு மூன்று மடங்கு ஏற்றுகின்றன. ஹார்மோன்தான் காவல் என்றால் இந்த மாத்திரைகள் எல்லாமே இதயத்தைக் காக்க வேண்டும். ரோசிகிளிட்டசோன் காக்கவில்லை. 2007-இல் 42 ஆய்வுகளின் தொகுப்பு, அதனால் மாரடைப்பு கூடுகிறதோ என்ற அச்சத்தைக் கிளப்பியது. 2010-இல் ஐரோப்பா அதன் விற்பனையை நிறுத்திவைத்தது. இந்தியா தடை செய்தது. அமெரிக்கா கட்டுப்பாடு விதித்து, மறு ஆய்வுக்குப் பின் 2013-இல் தளர்த்தியது. கூட்டியது உண்மையா என்ற சர்ச்சையை விட்டுவிட்டாலும், அது குறைத்ததாக யாரும் சொல்லவில்லை. அதன் உடன்பிறப்பான பயோகிளிட்டசோனின் கணக்கு வேறு. பக்கவாதம் கண்ட 3,876 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 11.8 சதவீதம், பயோகிளிட்டசோன் பெற்றவர்களில் 9 சதவீதம். காவல் வாதத்தினர் இதைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டு மாத்திரைகளும் அடிப்போனெக்டினை ஏற்றுகின்றன. ஒன்று பலன் தருகிறது, மற்றது தரவில்லை. பலனுக்குக் காரணம் இரண்டுக்கும் பொதுவான ஹார்மோன் ஏற்றமாக இருக்க முடியாது. பயோகிளிட்டசோன் ட்ரைகிளிசரைடைக் குறைத்து எச்.டி.எல்.லைச் சீராக்குவது உள்ளிட்ட வேறு பல வேலைகளையும் செய்கிறது. இரண்டு மாத்திரைகளும் உடலில் நீர் கோத்து இதயச் செயலிழப்பு ஆபத்தைக் கூட்டுவதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நல்ல கொழுப்பு பட்ட பாடும் இதுவே. எச்.டி.எல். அதிகமானவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது எத்தனையோ ஆய்வுகள் சொன்ன உண்மை. ஆகவே அதை ஏற்றினால் இதயம் பிழைக்கும் என்று நம்பி டார்செட்ராபிப் என்ற மருந்தை உருவாக்கி 15 ஆயிரம் பேரிடம் சோதித்தார்கள். எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது. ஆனால் மருந்து பெற்றவர்கள் அதிகம் இறந்ததால் 2006 டிசம்பரில் ஆய்வை அவசரமாக நிறுத்தினார்கள். எச்.டி.எல். பிறவியிலேயே கூடியிருக்கும் ஒரு மரபணு எழுத்தால் மாரடைப்பு குறைவதில்லை என்பது 2012-இல் தெரியவந்தது. இந்த மரபணுத் தேர்வை முன்கூட்டியே நடத்தியிருந்தால் சில உயிர்கள் பிழைத்திருக்கலாம் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இந்த ஆராய்ச்சி தமிழ் வாசகருக்கு ஏன் முக்கியம் என்பதற்கு வருகிறேன். இந்தியர்களிடம், அதே எடையுள்ள ஐரோப்பியர்களைவிட அடிப்போனெக்டின் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அது குறைந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று சென்னை ஆய்வாளர்கள் 2003-இலேயே காட்டினார்கள். சென்னை நகர, ஊரக மக்களிடம் நடந்த பெரிய ஆய்வும் 2005-இல் இந்தக் குறைவை வளர்சிதை மாற்றக் கோளாறோடு இணைத்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. அப்படியென்றால் நம் குறை இந்த ஹார்மோன்தானோ என்ற கேள்வி எழும். 2004-இல் லான்செட் இதழில் வெளியான ஒரு படம் விடைக்கு வழி காட்டுகிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் உடல் நிறை குறியீட்டு எண்ணும் 22.3, பார்வைக்கு இருவருமே ஒல்லி. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். நம்மவர்களிடம் கொழுப்பு தோலுக்கடியில் பத்திரமாகத் தங்குவதற்குப் பதிலாக, வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் எளிதாகப் போய்ச் சேர்கிறது. தோலுக்கடியில் சிறு சிறு செல்களாகக் கொழுப்பு நலமாக இருக்கும்வரை அடிப்போனெக்டின் தாராளமாகச் சுரக்கும். இடம் போதாமல் செல்கள் புடைத்து, கொழுப்பு உள்ளுறுப்புகளுக்கு வழியத் தொடங்கும்போது குறையும். இதயத்தைத் தாக்குவது அந்த வழிதலும் அதன் பின்னால் வரும் ட்ரைகிளிசரைடும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். ஹார்மோன் குறைவு அவற்றோடு கூடவே வருகிறது.

அப்படியானால் கொழுப்புத் திசுவுக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்டால், நிச்சயம் உண்டு. உடல் எடையைக் கூட்டும் மரபணு எழுத்துகளோடு பிறந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது. அடிப்போனெக்டின் தோற்ற அதே தேர்வில் உடல் பருமன் குற்றவாளி என்று நிரூபணமாகியிருக்கிறது. 2023-இல் வெளியான செமாகுளுடைட் ஆய்வில், ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் கண்ட, பருமனான, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் அந்த ஊசி மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றின் ஆபத்தைச் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது. அந்தப் பலன் முழுவதும் எடை இறங்கியதால் வந்ததல்ல என்றாலும், கொழுப்பின் இருப்பும் இடமும் இதயத்துக்கு முக்கியம் என்ற பொதுப் படத்தோடு அது ஒத்துப்போகிறது. எடையைக் கணிசமாகக் குறைப்பவரின் அடிப்போனெக்டின் தானாகவே ஏறும்.

அடிப்போனெக்டினை ஏற்றும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளுக்கும் பொடிகளுக்கும் பணம் கொடுக்காதீர்கள். அவை மாரடைப்பைத் தடுப்பதற்குச் சான்று இல்லை. இதய நோய்க்கென அனுமதி பெற்ற அடிப்போனெக்டின் மருந்தும் இன்றுவரை கிடையாது. உடல் பரிசோதனைத் தொகுப்பில் இந்தப் பரிசோதனையும் சேர்ந்திருந்தால், அந்த எண்ணை வைத்து மருத்துவர் எந்தச் சிகிச்சையை மாற்றப்போகிறார் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மாற்றியமைத்தால் பலன் உறுதி என்று தெரிந்த எண்கள் வேறு இருக்கின்றன: எல்.டி.எல்., ரத்த அழுத்தம், சர்க்கரை. புகைப்பவர் என்றால் அதை நிறுத்துவது இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். எடை சரியாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாமல், ஒரு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே எல்லை. அதைத் தாண்டியிருந்தால், எந்தப் பிரத்யேகப் பரிசோதனையும் இல்லாமலே உங்கள் கொழுப்புத் திசு எந்த நிலையில் இருக்கிறது என்பது மருத்துவருக்குப் புரிந்துவிடும்.